கொட்டகையில் பார்த்த சாமியாரும் கைப்பேசியில் பார்க்கும் பக்தையும்

கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறைக்கு, திரையில் காவி உடுத்தி வந்தவர் யார் என்பதில் பெரிய குழப்பம் இருந்ததில்லை. புராணப் படம் என்றால் அவர் முனிவர். சமூகப் படம் என்றால் அநேகமாகக் கபடர். 1949இல் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பில், ஏ.எஸ்.ஏ. சாமியின் இயக்கத்தில் வந்த அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் மனமுடைந்த மூர்த்தி என்ற இளைஞன் ஓர் ஆசிரமத்தில் போய்ச் சேருகிறான். அங்கே குருவாக வீற்றிருப்பவர் வேடதாரி என்று தெரிந்ததும் ஆத்திரம் கொலையில் முடிகிறது. பிறகு நீதிமன்றம், கே.ஆர். ராமசாமியின் வாதம், கைதட்டல். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘பராசக்தி’யில் அபலைப் பெண்ணிடம் அத்துமீறும் பூசாரியைத் தமிழ்நாடே பார்த்துக் கொதித்தது.

தாமிரபரணிக் கரை ஊர்களிலும் அந்தக் கொதிப்பு உண்டு. முக்கூடல் அன்றைக்கே பீடித் தொழிலால் பெயர்பெற்ற ஊர். வாரம் முழுக்க இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி ஓய்ந்த கைகள் கொட்டகையில் ஒன்றாகத் தட்டின. கபடச் சாமியார் மாட்டிக்கொண்டதும் எழுந்த சிரிப்பும் ஊர்ச் சிரிப்புதான். கடவுளின் பெயரைச் சொல்லி ஒருவர் ஏய்க்க வந்தால் எதிர்த்துக் கேட்கலாம் என்ற துணிவை அந்தப் படங்கள் எளிய மக்களுக்குக் கொடுத்தன. அந்தத் துணிவின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோயில் வாசலில் நிற்கவே உரிமை மறுக்கப்பட்டவர்கள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில், திரையில் ஒரு குரு அம்பலப்படுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

ஆனால் அந்தப் படங்கள் ஒரு ஆளைக் காட்டாமலே விட்டுவிட்டன. சாமியாரின் காலடியில் உட்கார்ந்திருந்த பக்தை யார்? அவள் ஏன் அங்கே வந்தாள்? உண்மை தெரிந்த மறுநாள் அவள் எங்கே போனாள்? திரையில் அவள் பின்வரிசைக் கூட்டம். ஏமாந்தவள், விவரம் கெட்டவள். படம் பார்த்து வெளியே வந்தவர்கள் “நாம அப்படியெல்லாம் ஏமாற மாட்டோம்” என்ற நிம்மதியோடு வீடு திரும்பினார்கள். இந்த நிம்மதி நமக்கு நிறையத் தீங்கு செய்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்று கொட்டகை இல்லை. முக்கூடலில் வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு முன்னால் கைப்பேசி சுவரில் சாய்ந்து நிற்கிறது. கை வேலை செய்ய, காது கேட்க, கண் இடையிடையே நிமிர்கிறது. போலிச் சாமியாரைப் பற்றிய படமும் அதில்தான் வருகிறது. அசல் குருக்களின் பேச்சும் அதில்தான் வருகிறது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று தானாகவே ஓடத் தொடங்குகிறது. அப்படி ஒருவரின் பேச்சைத் தினமும் கேட்கும் அக்கா ஒருவர், “கேக்கும்போது மனசுக்கு எதமா இருக்குல்லா” என்று என்னிடம் சொன்னார். அந்த இதம் பொய்யில்லை. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து, கூலிக் கணக்கும் பிள்ளைகளின் படிப்புக் கணக்கும் மனதில் ஓட உழைக்கும் ஒருவரிடம் யாராவது கனிவாகப் பேசினால் இதமாகத்தான் இருக்கும். அந்தப் பேச்சை அவர் தனியாகக் கேட்கிறார் என்பதுதான் வித்தியாசம். கொட்டகையில் பக்கத்தில் ஒருவர் இருந்தார், “இது சரியில்லையே” என்று முணுமுணுக்க.

இந்த மண்ணுக்கு அருள் வாக்கு புதிதல்ல. கொடை நாளில் வில்லுப்பாட்டும் மகுடமும் உச்சத்துக்குப் போகும்போது சாமியாடிக்கு அருள் வரும். நள்ளிரவில் வேட்டைக்குப் போவார், திருநீறு கொடுப்பார், குறி சொல்வார். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் சங்கிலிப் பூதத்தார் சந்நிதியில் இரும்புச் சங்கிலியை எடுத்து உடம்பில் அடித்துக்கொள்வார்கள். முதல்முறை பார்க்கும் வெளியூர்க்காரர் மிரண்டுபோவார். தமிழ் சினிமாவும் இந்தக் காட்சியைப் பெரும்பாலும் மிரட்டத்தான் பயன்படுத்துகிறது. பேய்ப் படமோ கொலைப் படமோ, சிவந்த கண்ணும் விரித்த தலையுமாக ஒரு சாமியாட்டம் இல்லாமல் முடிவதில்லை.

உள்ளே இருந்து பார்த்தால் நிலைமை வேறு. சாமி மலையேறியதும் சாமியாடி சாதாரண மனிதர். மறுநாள் காலை வயலுக்குப் போவார். டீக்கடையில் அவரோடு சரிக்குச் சரி வாக்குவாதம் செய்யலாம். கொடைக்கு வரி பிரிப்பதும் கணக்கு வாசிப்பதும் வரிதாரர்கள். சாமியாடி கையில் பெட்டிச் சாவி இருக்காது. யாரை மணக்க வேண்டும், எந்த மருத்துவரிடம் போகக் கூடாது, பெற்றோரோடு பேசலாமா கூடாதா என்று அவர் கட்டளையிட முடியாது. அவருடைய அதிகாரத்துக்கு நேரமும் எல்லையும் உண்டு, அதைக் காவல் காப்பது ஊர். ஆனித் திருவிழாவில் முத்துமாலை அம்மன் தேரை இழுக்கிற முக்கூடலுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு மனிதரைச் சுற்றிக் கட்டப்படும் மூடிய கூட்டத்தில் இந்தக் காவல்தான் முதலில் போகிறது. ஆட்டமும் அழுகையும் அடையாளம் அல்ல. கணக்குக் கேட்க முடியுமா, வெளியே போக முடியுமா என்பதே அடையாளம். திரை சாமியாட்டத்தையும் மூடிய கூட்டத்தையும் ஒன்றாகக் குழைத்ததில், எளிய மக்களின் வழிபாடு பயங்கரமாகவும் குளிரூட்டிய அரங்கில் நடக்கும் குருவணக்கம் நாகரிகமாகவும் தெரிய ஆரம்பித்துவிட்டன.

முக்கூடலை ஒட்டிய ஓடைமறிச்சானில் மனுஜோதி ஆசிரமம் இருக்கிறது. அதை நிறுவிய பாலாசீர் லாரி முதலில் கிறிஸ்தவ நற்செய்தியாளர், நோய் நீக்கும் ஜெபக் கூட்டங்கள் நடத்தியவர். பின்னாளில் அவருடைய சீடர்கள் அவரைக் கிறிஸ்துவின் மறுவருகை என்றும் கல்கி அவதாரம் என்றும் கொண்டாடினார்கள். 1989இல் அவர் மறைந்த பிறகும் ஆசிரமம் தொடர்கிறது. இதைக் குற்றக் கதையாகச் சொல்ல நான் வரவில்லை. நம்பிக்கை குற்றமல்ல. ஒரு பிரசங்கியார் பைபிளிலிருந்து கல்கி வரைக்கும் போகக்கூடிய மண் இது என்பதைச் சொல்கிறேன். தெற்கே சாமித்தோப்பில் 19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டரைச் சுற்றி மக்கள் திரண்டபோது திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. மிஷனரிமார் அவரைப் பற்றிக் கடுமையாக எழுதினார்கள். அவரோ மேலாடைக்கும் தலைப்பாகைக்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்களைத் தலைப்பாகை கட்டி வழிபட வைத்தார், நிமிர்ந்து நடக்கச் சொன்னார். புதிதாகத் திரளும் கூட்டத்தையெல்லாம் ஒரே கண்ணால் பார்த்தால் நாமும் அந்தத் திருவிதாங்கூர் அதிகாரிகளின் பக்கம் போய் நிற்போம். சேர்ந்தவர் நிமிர்ந்தாரா, குனிந்தாரா? அதைத்தான் கவனிக்க வேண்டும்.

குனிய வைத்த கதைகளைத் தமிழ்நாடு நிறையப் பார்த்துவிட்டது. இலங்கையிலிருந்து வந்து திருச்சி அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் அமைத்த பிரேமானந்தா 1994இல் கைதானார். ஆசிரமத்தில் வளர்ந்த சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காகவும் ஓர் இளைஞரின் கொலைக்காகவும் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் வரை தண்டனை நிலைத்தது. 2011இல் சிறைவாசத்தின்போதே இறந்தார். அன்றைய பத்திரிகைகள் வாயிலிருந்து லிங்கம் எடுத்த வித்தையை, வெளிநாட்டுச் சீடர்களை, ஆசிரமத்தின் ஆடம்பரத்தை எழுதித் தள்ளின. அந்தச் சிறுமிகளில் பலர் போரினால் வீடிழந்து வந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஆசிரமம்தான் வீடு, அந்த மனிதர்தான் சோறு போட்டவர். அவரைப் பற்றிப் புகார் சொல்வது என்றால் தனக்கிருந்த ஒரே வீட்டைத் தானே இடிப்பது. “ஏன் முதலிலேயே சொல்லவில்லை” என்று கேட்டவர்கள் இதை நினைத்துப் பார்க்கவில்லை.

2010 மார்ச்சில் சாமியார் நித்யானந்தா தொடர்பான படுக்கையறைக் காட்சிகளைத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது வரவேற்பறைகள் எல்லாம் கொட்டகையாயின. ஆனால் அதுவரை வாரப் பத்திரிகையில் அவருடைய தொடரை ஆவலோடு படித்த அதே வீடுகள் அவை. பேச்சு முழுக்கப் படுக்கையறையைச் சுற்றியே நின்றது. பல ஆண்டுகளை, சேமிப்பை, உறவுகளை அங்கே கொட்டியிருந்த சீடர்கள் அந்த இரவை எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டவர் குறைவு. 2019இல் ஒரு பெற்றோர் அவருடைய ஆசிரமத்திலிருந்து தம் மகள்களை மீட்டுத் தரச் சொல்லிக் குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வயது வந்த பிள்ளைகள் “நாங்கள் விரும்பித்தான் இருக்கிறோம்” என்று சொன்னபோது சட்டம் தயங்கி நின்றது. விருப்பம் என்றால் என்ன, அது எப்படி உண்டாகிறது என்பதைக் காவல் நிலையத்தில் தீர்க்க முடியாது.

மனநல அறிஞர்கள் இதை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் நண்பர்களும், 1954 டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வந்து உலகம் மூழ்கும் என்று நம்பிக் காத்திருந்த சிறு குழுவுக்குள் ஆய்வாளர்களை உறுப்பினர்களாகவே அனுப்பிக் கவனித்தார்கள். வெள்ளம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்திருந்தவர்கள் வெட்கப்பட்டு வீடு திரும்பியிருக்க வேண்டும். நடந்தது வேறு. தங்கள் பிரார்த்தனையால்தான் உலகம் பிழைத்தது என்ற செய்தி வந்ததாகச் சொல்லி, முன்னைவிடத் தீவிரமாக ஊருக்கு எடுத்துச் சொல்லக் கிளம்பினார்கள். எவ்வளவு இழந்தோமோ அவ்வளவுக்கு, அது வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் மறுக்கிறது. நகையை அடகு வைத்துக் காணிக்கை கொடுத்தவரிடம் குருவின் குற்றத்தைப் பட்டியலிட்டால் அவர் குருவை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வது இதனால்தான். அவரிடம் அறிவு குறைவாக இல்லை. இழந்தது அதிகமாக இருக்கிறது.

சீனாவில் சிந்தனை மாற்றுப் பயிற்சிக்கு ஆளானவர்களைச் சந்தித்து மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961இல் எழுதிய நூலும் இதைத்தான் வேறொரு வாசலிலிருந்து விளக்கியது. வெளிச் செய்தி உள்ளே வராதபடி அடைப்பது. அந்தரங்கத்தையெல்லாம் எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்ள வைப்பது. கேள்வி எழும் இடத்தில் ஒரு மந்திரச் சொல்லைப் போட்டு வாயை அடைப்பது. அனுபவம் போதனைக்கு முரணானால் தவறு உன்னிடம்தான் என்று நம்ப வைப்பது. இவை ஒரே நாளில் வருவதில்லை. முதலில் வருவது அன்பு. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், குறை கேட்பார்கள், கூடவே அழுவார்கள். பிறகு சின்னச் சின்னச் சேவை, பிறகு தூக்கம் குறைந்த நாட்கள், பிறகு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது. கடைசியில் அந்தக் கூட்டத்துக்கு வெளியே தெரிந்த முகம் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. வெளியே வந்த பிறகு கடை வீதியில் என்ன வாங்குவது என்று முடிவெடுக்கக்கூடத் தடுமாறுகிறவர்கள் உண்டு. குற்ற உணர்ச்சி, சாபம் பலித்துவிடுமோ என்ற அச்சம், யாரையும் நம்ப முடியாத தன்மை எல்லாம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். 1978 நவம்பரில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் இப்படி மூடிய ஒரு கூட்டத்தைச் சேர்ந்த 900க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 300 பேர் குழந்தைகள். அந்தக் கூட்டமும் இனச் சமத்துவம், ஏழைகளுக்குச் சோறு என்ற நல்ல வாக்குகளோடுதான் தொடங்கியது.

இந்த உள்முகத்தைத் திரை காட்டத் தொடங்கியது அண்மையில்தான். 2019இல் வந்த தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் மிஷ்கின் நடித்த அற்புதம், சுனாமியில் ஒரு சிலையைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர். மகன் உயிருக்குப் போராடும்போதும் ஜெபத்தை நம்பி மருத்துவமனையைத் தள்ளிப்போடுகிறார். அவர் வேடதாரி அல்ல, தன் நம்பிக்கைக்குள் தானே பூட்டப்பட்டவர். அவர் முகத்தில் சந்தேகம் எழும் நேரம் தமிழ்த் திரையில் எனக்கு மிக முக்கியமான நேரம். ‘வேலைக்காரி’யின் குருவுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. 2020இல் மலையாளத்தில் அன்வர் ரஷீத் எடுத்த ‘ட்ரான்ஸ்’, கன்னியாகுமரியில் தன்னம்பிக்கைப் பேச்சாளராகத் திரியும் ஒருவரை இரண்டு முதலாளிகள் போதகராகத் தயாரிப்பதைக் காட்டியது. பகத் பாசில் நடித்த அந்தப் போதகருக்கே புத்தி பேதலிக்கிறது. விநாயகன் நடித்த ஏழைத் தகப்பன், ஜெபத்தை நம்பி மகளைப் பறிகொடுக்கிறான். மேடையில் நின்றவனும் கீழே நின்றவனும் சிதைவதை ஒரே படத்தில் பார்த்தோம்.

இந்தியில் பிரகாஷ் ஜாவின் ‘ஆசிரமம்’ தொடர் 2020இல் வந்தது. மிகைகள் நிறைந்த தொடர்தான், ஆனால் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது. மல்யுத்த வீராங்கனையான பம்மி ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். ஊரில் அவமானம், அடி. பக்கத்தில் வந்து நின்றது பாபாவின் ஆசிரமம் மட்டுமே. அவள் உள்ளே போனது மூடத்தனத்தால் அல்ல, மரியாதை கிடைத்ததால். அரசும் ஊரும் கைவிட்ட இடத்தில் குரு நுழைகிறார் என்பதை நெல்லைச் சீமையில் சாதிக் கொலைகளைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். சாமியார் ஆசாராம் மீதான பாலியல் வழக்கைத் தழுவி 2023இல் மனோஜ் பாஜ்பாய் நடித்து வந்த படத்தில் புகார் கொடுக்க வரும் பெற்றோரே நேற்றுவரை அந்தக் குருவின் பக்தர்கள். மகளை நம்புவதா, குருவை நம்புவதா என்று வந்தபோது மகளை நம்பினார்கள். 2018இல் ஜோத்பூர் நீதிமன்றம் ஆசாராமுக்கு ஆயுள் தண்டனை கொடுத்ததற்கு அந்த நம்பிக்கைதான் வேர்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது லீனா யாதவ் 2021இல் எடுத்த புராரி மரணங்கள் பற்றிய ஆவணத் தொடர். 2018இல் டெல்லியில் ஒரே வீட்டில் 11 பேர் இறந்துகிடந்தார்கள். அங்கே ஆசிரமம் இல்லை, காவி இல்லை, உண்டியல் இல்லை. இறந்த தந்தை தன் மூலம் பேசுவதாக ஒரு மகன் நம்பினார், மற்றவர்கள் அவரை நம்பினார்கள், கட்டளைகள் ஆண்டுக்கணக்கில் நோட்டுகளில் எழுதப்பட்டன. அக்கம்பக்கத்துக்கு அது பாசமான, ஒழுங்கான குடும்பம். தீராத துக்கமும் மனநோயும் மூத்தவர் சொல்லைத் தட்டாத பழக்கமும் ஒன்று சேர்ந்தால் ஒரு வீடே மூடிய கூட்டமாகிவிடும். வீட்டு விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்று பெருமையோடு பிள்ளைகளை வளர்க்கும் நம் ஊர்களுக்கு இதைவிட நெருக்கமான எச்சரிக்கை கிடையாது.

பழைய பாணி போய்விடவும் இல்லை. 2020 தீபாவளிக்கு வந்த ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் நிலம் பறிக்கும் பாபா, அந்த 1949ஆம் ஆண்டு ஆசிரமத் தலைவரின் வாரிசு. கடவுளுக்கும் பக்தருக்கும் நடுவில் ஆள் தேவையில்லை என்று அந்தப் படம் சொன்னது நல்ல செய்தி. ஆனால் அங்கேயும் கூட்டம் கூட்டம்தான், முகமில்லாதது.

நான் கேட்கும் படம் இன்னும் வரவில்லை. கூட்டத்தை விட்டு வெளியே வந்து, பேருந்தில் ஏறி, சொந்த ஊருக்குத் திரும்பிய ஒருத்தியின் முதல் ஓராண்டைப் பற்றிய படம். அவள் அம்மா என்ன கேட்டாள், தெரு என்ன பேசியது, வேலை கேட்டுப் போன இடத்தில் அந்த ஆண்டுகளை எப்படி விளக்கினாள், இரவில் எதற்குப் பயந்தாள் என்பதைக் காட்டும் படம். அதை எடுக்க ஆடம்பர ஆசிரம செட் தேவையில்லை. முக்கூடலில் ஒரு திண்ணை வீடு போதும். குருவின் அறையைத் திறந்து காட்டியே எழுபது ஆண்டுகள் போய்விட்டன. இனி கேமரா பக்தையின் வீட்டுக்குத் திரும்பட்டும் என்று எழுத்தாளர்களையும் இயக்குநர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் படம் வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்படி ஒரு கூட்டத்துக்குள் போனவரோடு பேச்சை நிறுத்தாதீர்கள். குருவைத் திட்டாமல், நம்பிக்கையைக் கேலி செய்யாமல், பிறந்த நாளுக்கும் பொங்கலுக்கும் கூப்பிடுங்கள். திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் வெளியேறும் துணிவு வருகிறது. வந்தவரிடம் எவ்வளவு பணம் போச்சு என்று முதல் வாரத்திலேயே கணக்குக் கேட்காதீர்கள். தூக்கமின்மை, பயம், அழுகை தொடர்ந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகள் சிக்கியிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.